மீன்பிடிக்கச் சின்னப் படகு வாங்கும் முன் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

கோடை வந்துவிட்டால் டொராண்டோவைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் நம் ஆட்கள் தூண்டிலோடு நிற்பதைப் பார்க்கலாம். சாப்பாடு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வருவார்கள்; பிள்ளைகள் ஓடியாட, பெரியவர்கள் மீன் பிடிப்பார்கள். நானும் சில வருடங்கள் அப்படிக் கரையில் நின்றவன்தான். ஒரு கட்டத்துக்கு மேல் மனசு கேட்காது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் படகில் இருப்பவர்கள் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருப்பார்கள், நமக்குப் பாசிதான் மாட்டும். அப்போது படகு ஆசை வரும். ஆசை வந்ததும் எல்லோரும் கேட்பது மூன்றே கேள்விகள்: எத்தனை அடி, எத்தனை ஹெச்பி, என்ன விலை? இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இருந்த ஒரு படகைத்தான் நான் வாங்கினேன். அது ஒரு மே மாத மதியம் சிம்கோ ஏரியில் என்னைக் கொண்டுபோய் விட்ட இடத்தை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. கேட்க வேண்டிய வேறு கேள்விகளை அதற்கு முன் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்து வாங்கப் போகிறவர்களுக்காவது தெரியட்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

படகு ஓட்ட வேண்டுமென்றால் கனடாவில் முதலில் படகோட்டி அட்டை வேண்டும். 2009 செப்டம்பரிலிருந்து, மோட்டார் பொருத்திய பொழுதுபோக்குப் படகை யார் ஓட்டினாலும் அது கட்டாயம். பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டாராக இருந்தாலும் சரி. இணையத்திலேயே படித்துத் தேர்வு எழுதலாம், ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும். குளிர்காலத்தில் உட்கார்ந்து அதை முடித்தேன். பிறகு பட்ஜெட் போட்டேன்: ட்ரெய்லர், மோட்டார் எல்லாம் சேர்த்து 2,500 டாலர். மார்ச் கடைசியில் இருந்தே விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். வசந்த காலத்தில் இந்த விலைக்கு நல்ல படகு ஒரு நாள்கூட நிற்காது. போன் பண்ணினால் "இப்போதுதான் போனது" என்பார்கள். இரண்டு மூன்று தடவை அப்படி ஆனதும் நமக்கே ஒரு பதற்றம் வந்துவிடும். அடுத்ததை விடக்கூடாது என்று தோன்றும். விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

எனக்குக் கிடைத்தது 12 அடி அலுமினியப் படகு, படகின் பின்புறம் வெளியே மாட்டும் 9.9 ஹெச்பி அவுட்போர்ட் மோட்டார், ட்ரெய்லர். 2,400 டாலருக்கு முடிந்தது. படகுக்குப் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தரைக்கு மேலே கம்பளம் ஒட்டி, சுழலும் இருக்கைகள் வைத்து, பார்க்கவே அழகாக இருந்தது. விற்றவர் மோட்டாரைத் தண்ணீர் வாளியில் வைத்து ஓட்டிக் காட்டினார். இரண்டாவது இழுப்பிலேயே ஓடியது. "நேராகக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறக்க வேண்டியதுதான், ஒரு வேலையும் பாக்கியில்லை" என்று அவர் சொன்ன தொனியில் எந்தச் சந்தேகமும் எழவில்லை. இப்போது யாராவது அந்தப் படகைக் காட்டினால் நான் முதலில் பார்ப்பது அந்தப் புதுப் பெயின்டைத்தான். பழைய அலுமினியப் படகுக்கு யாரும் சும்மா பெயின்ட் அடிப்பதில்லை. கசியும் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி), ஒட்டுப்போட்ட இடம், அரிப்பு எல்லாம் அதற்கு அடியில் போய்விடும். கீறலும் பள்ளமுமாக இருக்கும் படகில் உள்ளது உள்ளபடி கண்ணுக்குத் தெரியும்.

முதல் அடி தண்ணீரில் விழவில்லை, 404 நெடுஞ்சாலையில் விழுந்தது. கெஸ்விக் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் ஏதோ கருகும் வாடை. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால் ட்ரெய்லரின் வலது சக்கரத்தைத் தொட முடியவில்லை, அப்படியொரு சூடு. உள்ளே பேரிங் நொறுங்கிப்போய்க் கிடந்தது. இழுவை வண்டிக்கு 280 டாலர். இரண்டு பக்கமும் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), பேரிங், டயர் மாற்ற 310 டாலர். ஏரியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கிட்டத்தட்ட 600 டாலர் போய்விட்டது. சின்னப் படகு ட்ரெய்லர்களில் சக்கரம் மிகச் சிறியது, அதனால் நெடுஞ்சாலை வேகத்தில் கார்ச் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது. அதோடு படகை இறக்கும் ஒவ்வொரு முறையும் சூடான ஹப் குளிர்ந்த தண்ணீருக்குள் போகிறது. கிரீஸ் வைக்காமல் இரண்டு வருடம் விட்டால் உள்ளே துருதான் மிஞ்சும். வாங்குவதற்கு முன் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, மேலும் கீழும் ஆட்டினால் ஆடினாலோ பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். வீட்டுக்கு இழுத்து வரும்போது பத்து நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு ஆகாது.

ட்ரெய்லர் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காரின் பின்னால் ட்ரெய்லர் மாட்டும் உருண்டையில் அளவு உண்டு. பழைய சின்ன ட்ரெய்லர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றே முக்கால் அங்குலத்தைவிடச் சற்றுப் பெரிய, 1⅞ அங்குல உருண்டை; மற்றவற்றுக்கு 2 அங்குலம். ட்ரெய்லரின் கொண்டியில் 2 என்று பொறித்திருக்க, காரில் 1⅞ உருண்டை இருந்தால் பார்க்க நன்றாகத்தான் பூட்டிக்கொள்ளும். ஒரு பெரிய பள்ளத்தில் ஏறி இறங்கினால் கழன்றுவிடும். எண்ணைப் படித்துப் பார்த்து மாட்டுங்கள், பாதுகாப்புச் சங்கிலியைக் குறுக்காகப் போட மறக்காதீர்கள். ஒன்டாரியோவில் ட்ரெய்லருக்கும் நம்பர் பிளேட்டும் பதிவுச் சான்றும் வேண்டும். அதில் விற்பவரின் கையெழுத்து இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். உங்கள் கார் எவ்வளவு இழுக்கலாம் என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். சில சின்னக் கார்களின் கையேட்டில் எதையுமே இழுக்காதே என்றுதான் இருக்கும்.

சரி, படகுக்கு வருகிறேன். முதல் சில தடவைகள் அமைதியான நாட்களாகவே அமைந்தன. கரையோரமாகவே போய் வந்தேன். கால் பக்கம் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். ரிவெட் போட்ட படகு என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும் என்று நினைத்து ஸ்பாஞ்ச் வைத்து ஒற்றி எடுப்பேன். தனியாகப் போகும்போது முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொள்ளும், பின்பக்கம் தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்திருக்கும். கைப்பிடி மோட்டார் என்பதால் நான் பின்னால்தான் உட்கார வேண்டும். என் எடை 82 கிலோ. மோட்டார் ஒரு 40 கிலோ. மீன் தேடும் கருவிக்கான பேட்டரி 20 கிலோவுக்கு மேல். பெட்ரோல் டேங்க் வேறு. ஆக 150 கிலோவுக்கு மேல் எடை, படகின் கடைசி மூன்றடியில். 12 அடிப் படகுக்கு அது ரொம்ப அதிகம். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை.

சிம்கோ ஏரியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. 700 சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பு. நடுவில் நின்றால் எதிர்க்கரை மங்கலான கோடுதான். ஆனால் அவ்வளவு பெரிய ஏரிக்குச் சராசரி ஆழம் சுமார் 15 மீட்டர்தான். பெரிய பரப்பும் குறைந்த ஆழமும் சேர்ந்தால் காற்று அடித்த கொஞ்ச நேரத்திலேயே அலை எழும்பிவிடும். அதுவும் கடல் அலை மாதிரி நீளமாக வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வரும். ஏரியின் தெற்கே நீண்டிருப்பது குக்ஸ் விரிகுடா. அதன் வாய் வடக்கு நோக்கி இருக்கிறது. வடக்கிலிருந்து காற்று வந்தால் ஏரி முழுவதையும் தாண்டி வரும் அலை நேராக இந்த விரிகுடாவுக்குள்தான் வந்து விழும். நான் படகு இறக்கியது அந்த விரிகுடாவில்.

அன்று காலை கண்ணாடி போல் கிடந்தது ஏரி. கைபேசியில் வெயில் என்று காட்டியது. யெல்லோ பெர்ச் மீனைத் தேடிக் கொஞ்சம் கொஞ்சமாக விரிகுடாவின் வாய்ப்பக்கம் வரை போய்விட்டேன். நல்ல மீன். மதியம் போல வடக்கே தண்ணீரின் நிறம் கறுத்தது. கால் மணி நேரத்தில் காற்று பிடித்துக்கொண்டது. தூண்டிலைச் சுருட்டிவிட்டுத் தெற்கே திரும்பினேன். அதாவது அலை எனக்குப் பின்னாலிருந்து வருகிறது. முன்னால் இருந்து வரும் அலையைப் படகின் கூர்முனை பிளந்துவிடும், பின்னால் இருந்து வந்தால் தடுப்பதற்கு இருப்பது மோட்டார் மாட்டியிருக்கும் பின்பலகை மட்டும்தான். என் படகில் அது 15 அங்குல உயரம், அதுவும் எடையில் தாழ்ந்து கிடக்கிறது. முதல் அலை பலகையைத் தாண்டி என் முதுகில் விழுந்தபோது குளிரில் மூச்சே நின்றுவிட்டது. அடுத்தது வந்தபோது கணுக்கால் வரை தண்ணீர். தேங்கிய தண்ணீர் எல்லாம் பின்பக்கமே ஓடி வரும். பின்பக்கம் இன்னும் தாழும். அடுத்த அலை இன்னும் சுலபமாக உள்ளே வரும். 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றாலே அது 200 கிலோவுக்கு மேல். மூன்று பேர் கூடுதலாக ஏறி உட்கார்ந்த மாதிரி.

அந்த நேரத்தில் பட்டென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் மோட்டார் மெதுவாகப் பின்னோக்கிச் சாய்கிறது. பின்பலகையின் மேல்விளிம்பில் அலுமினியத் தகடு வளைந்து பிரிந்து, உள்ளே இருந்த மரம் ஈரக் கேக் மாதிரி பிதுங்கி வெளியே வந்திருந்தது. கையில் சுற்றியிருந்த நிறுத்தக் கயிற்றை இழுத்து மோட்டாரை அணைத்தேன். இன்னொரு கயிற்றால் மோட்டாரை இருக்கையோடு சேர்த்துக் கட்டினேன். துடுப்பால் படகின் முனையைக் காற்றுப் பக்கம் திருப்பி, முன்னாலிருந்து நங்கூரத்தை விட்டேன். அது பிடித்ததும் முனை அலையைப் பார்த்து நின்றது, தண்ணீர் உள்ளே வருவது குறைந்தது. வெட்டிய பால் கேனால் இறைக்க ஆரம்பித்தேன். விரல்கள் மரத்துப்போய் கேன் இரண்டு மூன்று தடவை நழுவியது. பயந்தேன். நன்றாகவே பயந்தேன். வீட்டில் என் மகள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசனை ஓடியது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மிதவைக் குழாய்கள் மேல் தளம் போட்ட ஒரு பான்டூன் படகில் வந்த வயதான தம்பதி பார்த்துவிட்டு, கயிறு போட்டுக் கரை வரை இழுத்துக்கொண்டு வந்து விட்டார்கள்.

இந்த இடத்தில் நிறுத்திச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். ஒன்று, லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைக்காமல் உடம்பில் போட்டிருந்தேன். மே மாதம் வெயில் அடித்தாலும் தண்ணீர் கடும் குளிர். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட், குளிர்ந்த நீரில் விழுந்தவர்களுக்கு என்ன ஆகும் என்பதை ஆராய்ந்தவர். அவர் சொல்லும் கணக்கு 1-10-1: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் உருப்படியாக வேலை செய்யப் பத்து நிமிடம், உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் ஜாக்கெட்டைத் தேடி எடுத்துப் போடுவது நடக்கிற காரியமில்லை. இரண்டு, சட்டப்படி படகில் இருக்க வேண்டிய துடுப்பு அல்லது நங்கூரம், தண்ணீர் இறைக்கும் கேன், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, விசில் எல்லாம் போலீஸ் அபராதத்துக்குப் பயந்து வாங்குகிற சாமான்கள் அல்ல. அன்று எனக்குத் துடுப்பும் நங்கூரமும் பால் கேனும் இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை. மூன்று, நங்கூரத்தை எப்போதும் முன்பக்கமிருந்தே விடுங்கள். பின்னால் கட்டினால் அலையை நாமே உள்ளே கூப்பிடுவதாகும். நான்கு, வெயிலா மழையா என்று சொல்லும் ஊர் வானிலை ஏரிக்குப் போதாது. காற்று எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர் வேகம், எத்தனை மணிக்கு மாறும் என்று பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் என்றால் 12 அடிப் படகுக்குச் சிம்கோவில் வேலையே இல்லை.

அதற்குப் பிறகு சில வாரங்கள் படகின் பக்கமே போகவில்லை. தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்திருந்தேன். வீட்டில் முழுதாகச் சொல்லவும் தைரியம் வரவில்லை. எங்கள் தெருவில் பருத்தித்துறைக்காரர் ஒருவர் இருக்கிறார், அங்கே கடல் தொழில் செய்து வளர்ந்தவர். ஒரு நாள் அவராகவே வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். "தம்பி, ஒரு ஸ்குரூடிரைவர் கொண்டு வாங்கோ" என்றார். அதன் பிடியால் பின்பலகையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ஓரங்களில் டக் டக் என்று இறுக்கமான சத்தம். மோட்டார் மாட்டும் நடுப்பகுதிக்கு வந்ததும் சத்தம் தொப் தொப் என்று மாறியது. போல்ட் துளைக்குள் ஸ்குரூடிரைவரை விட்டு லேசாக அழுத்தினார். அது உள்ளே இறங்கியது, துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தது. "இந்தப் பலகை எப்பவோ செத்துப் போச்சு. வெளியிலை தகரம் வடிவா இருக்கு, உள்ளுக்கு ஒண்டுமில்லை. விக்கேக்கை அந்த ஆளுக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு அதுவரை யார் மேலும் வந்ததில்லை.

அலுமினியப் படகில் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். மோட்டாரைத் தாங்குவதற்குப் பின்பலகையில், இரண்டு தகடுகளுக்கு நடுவில் அல்லது ஒரு தகட்டின் உட்புறம், ஒட்டுப்பலகை வைத்திருப்பார்கள். பெரும்பாலான படகுகளில் இப்படித்தான். மேல்விளிம்பிலும் போல்ட் துளைகளிலும் தண்ணீர் இறங்கி வருடக்கணக்கில் ஊறினால் அது உளுத்துப்போகும், வெளியே ஒன்றுமே தெரியாது. தட்டிப் பார்ப்பது ஒரு வழி. இன்னொன்று, மோட்டாரைக் கீழே இறக்கி நிறுத்தி, அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் பலமாக அசைத்துக்கொண்டே பலகையைப் பாருங்கள். மோட்டாரோடு சேர்ந்து பலகையும் வளைந்து கொடுத்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இதைச் செய்ய மூன்று நிமிடம் போதும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் உங்கள் மனசில் தங்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

கசிவுக்கும் அந்தப் பருத்தித்துறைக்காரர் ஒரு வழி காட்டினார். படகு ட்ரெய்லர் மேல் இருக்கும்போதே, தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பானைப் போட்டுவிட்டு உள்ளே இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் விடுங்கள். நிறைய விடாதீர்கள், தண்ணீரின் எடையில் ட்ரெய்லர் வளைந்துவிடும். பிறகு அடியில் படுத்து எங்கெல்லாம் சொட்டுகிறது என்று மார்க்கரால் வட்டம் போடுங்கள். ஒன்றிரண்டு ரிவெட் என்றால் இறுக்கிவிடலாம். என் படகில் அடிப்பக்கத்து நடுமுதுகெலும்பு நெடுகச் சொட்டியது. கம்பளத்தைக் கிழித்து, தரைப் பலகையைக் கழற்றியபோது இன்னொரு உண்மை வெளியே வந்தது. படகு மூழ்காமல் மிதக்க வைக்கும் ஃபோம், தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போயிருந்தது. தூக்கும்போது கையில் தண்ணீர் வழிந்தது. மிதக்க வைக்க வேண்டியதே படகை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. தரைக்குக் கம்பளம் ஒட்டிய பழைய படகு என்றால், அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

கடையில் பின்பலகை மாற்ற 1,100 டாலர் கேட்டார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து 260 டாலர் சாமானில் முடித்தோம். கடல்தர ஒட்டுப்பலகை, எபாக்ஸிப் பசை, துருப்பிடிக்காத போல்ட். இங்கே ஒரு எச்சரிக்கை: வெளியில் தளம் போடப் பயன்படுத்தும் பச்சை நிறப் பதப்படுத்திய மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அதில் உள்ள செம்பு ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். பலகை உளுத்த பிரச்சினையைத் தீர்க்கப் போய்ப் படகே ஓட்டையாகும்.

மோட்டாரும் தன் பங்குக்குச் செலவு வைத்தது. வாளித் தண்ணீரில் ஓடுவதும் ஏரியில் சுமையோடு ஓடுவதும் ஒன்றல்ல. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரத்தை மாற்ற 420 டாலர் ஆனது. வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். மோட்டார் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்; நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஓடும்போது பின்னால் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் தொடர்ந்து பீய்ச்ச வேண்டும். அது விட்டு விட்டு வந்தால் மோட்டார் சூடாகிறது. அடியில் உள்ள கியர் எண்ணெயைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, கனடாக் குளிரில் அது உறைந்து கியர்ப் பெட்டியையே பிளந்துவிடும். கடைசியாக, மோட்டாரிலிருந்து கீழே தண்ணீருக்குள் இறங்கும் தண்டின் நீளம். 15 அங்குலம் குட்டை, 20 அங்குலம் நீளம். படகின் பின்பலகை எந்த உயரமோ அதற்கு ஏற்ற தண்டுள்ள மோட்டார்தான் வேலை செய்யும். டேப் வைத்து இரண்டையும் அளந்து பாருங்கள்.

என்னைக் கேட்டால் ஏரியை முதலில் முடிவு செய்துவிட்டுப் படகைத் தேடுங்கள் என்பேன். அல்லி படர்ந்த சின்ன ஏரி, குளம், காற்று புகாத விரிகுடா என்றால் 12 அடி போதும். தட்டை அடியுள்ள ஜான் படகுகூட நன்றாக இருக்கும், எழுந்து நின்று தூண்டில் எறியலாம், ஆடாது. பெட்ரோல் மோட்டாரை அனுமதிக்காத ஏரிகளும் இருக்கின்றன, அங்கே பேட்டரி மோட்டார்தான். ரைஸ் ஏரி ஆழமில்லாததுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அது 30 கிலோமீட்டர் நீளத்துக்குத் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. தென்மேற்குக் காற்று அடித்தால் அங்கேயும் இதே கதைதான். சிம்கோ, ரைஸ் மாதிரி ஏரிகளுக்கு 14 அடிக்குக் குறையாமல், ஆழமான வி-வடிவ அடியும் 20 அங்குலப் பின்பலகையும் உள்ளதாகப் பாருங்கள். நீளத்தைவிட அகலத்துக்கு மதிப்புக் கொடுங்கள். படகில் ஒட்டியிருக்கும் கொள்ளளவுப் பட்டையில் எத்தனை பேர் என்று மட்டும் படிக்காமல், மொத்தம் எத்தனை கிலோ, எத்தனை ஹெச்பி வரை என்று படியுங்கள். பட்டையைக் கிழித்திருந்தால் விலகிவிடுங்கள். மோட்டார் 10 ஹெச்பியும் அதற்கு மேலும் என்றால் படகுக்கே உரிம எண் வாங்கி இரண்டு பக்கமும் 7.5 சென்டிமீட்டர் உயர எழுத்தில் போட வேண்டும். 9.9 மோட்டார்கள் இவ்வளவு விற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் படகை அடுத்த வருடம் 1,300 டாலருக்கு விற்றேன். வாங்கியவர் வீட்டுக்குப் பின்னால் உள்ள குளத்தில் பேரப்பிள்ளைகளோடு பேட்டரி மோட்டாரில் போக வேண்டும் என்றார். பலகை மாற்றியது, ரிவெட் கசிவது, ஃபோம் எடுத்தது எல்லாவற்றையும் எழுதியே கொடுத்தேன். அன்று ஏரியில் விழுந்த தூண்டில், பெட்டி எல்லாம் சேர்த்தால் எனக்கு நஷ்டம் 2,500 டாலருக்கு மேல். முதலிலேயே அந்தக் காசைச் சேர்த்துப் போட்டிருந்தால் நல்ல 14 அடிப் படகே வந்திருக்கும்.

இப்போது வைத்திருப்பது அதுதான்: 14 அடி, 20 அங்குலப் பின்பலகை, நீளத் தண்டுள்ள 9.9 ஃபோர் ஸ்ட்ரோக், 4,600 டாலர். பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் முன்னால் நகர்த்தி வைத்து, மோட்டார் கைப்பிடிக்கு ஒரு நீட்டுக்குழாய் மாட்டி, தனியாகப் போகும்போது நடு இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுகிறேன். வெளியே எடுத்ததும் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டியிருக்கும் பாசியை எடுத்த பிறகுதான் சாலையில் ஏறுவேன். 2022 ஜனவரியிலிருந்து ஒன்டாரியோவில் அது சட்டம். இந்த 14 அடிப் படகை அக்டோபரில் வாங்கினேன். நீங்களும் அப்போது தேடுங்கள். குளிர்காலம் முழுக்க வைத்திருக்க இடமில்லாதவர்கள் விலையைக் குறைப்பார்கள், போட்டிக்கு ஆள் இருக்காது, பதற்றமில்லாமல் பார்க்கலாம். ஏரி உறைய இன்னும் வாரங்கள் இருப்பதால் தண்ணீரில் இறக்கி ஓட்டிக் காட்டச் சொல்லவும் முடியும். போகும்போது டார்ச், அளவு டேப், ஜாக்கி, கனமான பிடியுள்ள ஸ்குரூடிரைவர் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.